ராமநகராவுக்கு எந்த ஹெல்மெட்? கெட்டி ஓடா, நுரையா, வேண்டவே வேண்டாமா?

ஓசூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருடமாகப் பெங்களூரில் உள்ளரங்கச் சுவரில்தான் ஏறிப் பழகியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல்முறையாக ராமநகரா பாறைக்குப் போகிறோம், மொத்தம் ஆறு பேர். டிசம்பரில் பாதாமிக்கும் போகும் எண்ணம் இருக்கிறது. கயிறும், இடுப்பில் கட்டும் ஹார்னஸும் குழுவில் உண்டு, ஹெல்மெட்டை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்றார்கள். வீட்டில் நல்ல சைக்கிள் ஹெல்மெட் ஒன்று இருக்கிறது, அதுவே போதும் என்கிறான் தம்பி. கூட வரும் ஒருவரோ, கயிறு மாட்டுவதற்காகப் பாறையில் ஏற்கெனவே போல்ட் அடித்த பாதைக்கு ஹெல்மெட்டே தேவையில்லை என்கிறார். வாங்குவதென்றால் கெட்டி பிளாஸ்டிக் ஓடு உள்ளதா, தெர்மகோல் மாதிரி லேசானதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாறைப்பல்லி:
உங்களோடு வருபவர் சொல்வதில் பாதி சரி. பாதாமியில் நான் ஏறும் பாதைகள் பெரும்பாலும் வெளிப்பக்கம் சாய்ந்தவை. மணற்கல் நல்ல கெட்டி. அங்கே கை விட்டால் காற்றில்தான் தொங்குவீர்கள், தலை மோத எதிரே ஒன்றும் இருக்காது. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் ஏறுகிறேன். ஹெல்மெட் போட்டால் அண்ணாந்து பார்க்கும்போது பின்விளிம்பு கழுத்தில் இடிக்கிறது, அடுத்த பிடியைத் தேடுவதே பாடாகிவிடுகிறது. அந்தக் காசை நல்ல ஷூவில் போடுங்கள் என்பேன்.

கருங்கல்:
பல்லி அண்ணா, பாதாமியைப் பற்றி அப்புறம் பேசுவோம். தங்கச்சி முதலில் போவது ராமநகராவுக்கு. அது வேறு கல்.

ராமநகராவுக்கு முன்பு குளோஸ்பேட் என்று பெயர். அந்தப் பெயரில்தான் அந்தக் கருங்கல்லைப் புவியியலில் இன்றும் குறிப்பிடுகிறார்கள். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறை. உள்ளே இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் போல உரியும். தட்டிப் பார்த்தால் சில இடங்களில் காலிப் பானை மாதிரி ஓசை வரும். அந்தச் சில்லுதான் கழன்று வரும்.

மூன்று வருடத்துக்கு முன் அங்கே ஒருவருக்கு பிலே பிடித்துக்கொண்டிருந்தேன், அதாவது கீழே நின்று அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நாலாவது போல்ட்டைத் தாண்டிக் கால் வைத்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். “கல்!” என்று அவர் கத்தினார். கயிற்றை விடக் கூடாது, அதனால் ஓடவும் முடியாது. தலையைக் குனிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வண்டு பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம் கேட்டது, அடுத்த நொடி தலையில் அடி. உள்ளங்கை அளவு சில்லு, ஓரம் அரிவாள் மாதிரி. இடது காதுக்கு மேலே ஓட்டில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வெளுத்திருந்தது. எனக்கு இரண்டு நாள் கழுத்து வலி, அவ்வளவுதான். அந்த ஹெல்மெட்டை மறுபடி போடவில்லை. புதிதாக வருகிறவர்கள் கையில் கொடுத்து, அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

நான் அன்று ஏறவே இல்லை, தரையில்தான் நின்றேன். அதனால் போல்ட் பாதையா இல்லையா என்ற கேள்வியே எனக்குப் பொருந்தாது. கீழே நிற்பவருக்குத்தான் முதலில் ஹெல்மெட் வேண்டும்.

வாங்குவதென்றால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடு உள்ளதை வாங்குங்கள். பையில் திணிக்கலாம், பாறையில் வைக்கலாம், வருடக்கணக்கில் உழைக்கும்.

இருசக்கரம்:
தம்பி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். சைக்கிள் ஹெல்மெட் சாலையில் தலை மோதினால் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. பாறையில் விழுந்து தலை மோதுவதும் அதே மோதல்தானே? ஒரே வேலைக்கு இரண்டு ஹெல்மெட் வாங்க எல்லாருக்கும் வசதி கிடையாது.

நூலேணி:
இருசக்கரம், உங்கள் கேள்வி நியாயமானது. இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

சைக்கிள் ஹெல்மெட்டின் ஐரோப்பியத் தரம் இஎன் 1078. அதில் ஹெல்மெட்டுக்குள் பொம்மைத் தலையை வைத்து, சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள். அதாவது தலை போய் மோதுவதைத்தான் பார்க்கிறார்கள். மலையேற்ற ஹெல்மெட்டின் தரம் இஎன் 12492. அதில் தலை அசையாமல் இருக்கும், உச்சியில் 5 கிலோ உருண்டை எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். தலைக்கு இறங்கும் விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏவின் முத்திரை வேண்டுமென்றால் 8-ஐத் தாண்டக் கூடாது. அதோடு 3 கிலோ கூர்முனையை 1 மீட்டரிலிருந்து போட்டு, அது உள்ளே தலையைத் தொடுகிறதா என்றும் பார்ப்பார்கள். கருங்கல் அண்ணன் சொன்ன அரிவாள் ஓரச் சில்லுக்கு இந்தச் சோதனைதான் பதில். சைக்கிள் தரத்தில் இது கிடையாது. சைக்கிள் ஹெல்மெட்டின் காற்றுத் துளைகளுக்குள் என் இரண்டு விரலும் தாராளமாக நுழைகின்றன. கல்லும் நுழையும்.

5 கிலோ 2 மீட்டர் என்பது எவ்வளவு அடி என்று கேட்டால், ஒரு கிலோ கல் 10 மீட்டரிலிருந்து விழும் ஆற்றலும் அதுதான். 200 கிராம் கல் என்றால் 50 மீட்டர். அதற்கு மேல் போனால் எந்த ஹெல்மெட்டும் உத்தரவாதம் தராது.

கட்டட வேலைக்கான மஞ்சள் ஹெல்மெட் பற்றியும் யாராவது கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். வழக்கமான இஎன் 397 ஹெல்மெட்டில், வார் எங்காவது மாட்டி வேலையாளின் கழுத்தை இறுக்கிவிடக் கூடாது என்பதற்காக, 15 முதல் 25 கிலோ இழுவையில் அதுவே கழன்றுகொள்ளும். மலையேற்ற ஹெல்மெட்டின் வார் 50 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். விழும்போது முதல் மோதலிலேயே ஹெல்மெட் பறந்துவிட்டால் இரண்டாவது மோதலுக்கு என்ன செய்வீர்கள்?

இனி கருங்கல் அண்ணனோடு ஒரு வழக்கு. கெட்டி ஓடுதான் நல்லது என்பதை நான் ஏற்கவில்லை. பழைய மாதிரி ஓடுகள் உச்சியில் நன்றாகத் தாங்கும், ஆனால் பல மாதிரிகளில் பக்கவாட்டிலும் பின்னாலும் நுரையே இருக்காது. லீட் ஏறும்போது, அதாவது கயிற்றைக் கீழிருந்து போல்ட் போல்ட்டாக மாட்டிக்கொண்டே ஏறும்போது, கயிறு காலுக்குப் பின்னால் போய், அந்த நேரம் கை விட்டால், ஆள் தலைகீழாகப் புரண்டு பின்மண்டைதான் சுவரில் அடிக்கும். தரத்தில் பக்கவாட்டுச் சோதனை இருக்கிறது, ஆனால் அதே 5 கிலோவை அரை மீட்டரிலிருந்துதான் போடுகிறார்கள். உச்சிக்கு வைப்பதில் கால்வாசி. அதனால் முத்திரை மட்டும் போதாது, ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே நுரை எங்கே வரைக்கும் வருகிறது என்று பாருங்கள்.

பாறைப்பல்லி:
நூலேணி சொன்னதையே நானும் பிடித்துக்கொள்கிறேன். தரம் பெரும்பாலும் மேலிருந்து விழும் கல்லுக்கு. என் பாதையில் மேலிருந்து கல் விழுவதில்லை. பிறகு எதற்கு அதைச் சுமக்க வேண்டும்?

நூலேணி:
அண்ணா, மேலிருந்து விழுவது கல் மட்டுமா? போல்ட்டில் கயிற்றை மாட்டும் குவிக்டிரா கொக்கி, செல்போன், தண்ணீர் பாட்டில் எல்லாம் விழும். பாதாமியில் பாறை விளிம்பில் ஆடும் மாடும் குரங்கும் நடக்கின்றன. அதோடு, வெளிப்பக்கம் சாய்ந்த பாதையிலும் முதல் இரண்டு மூன்று போல்ட் வரை தரை பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்கள் பன்னிரண்டு வருடம் விழுந்து விழுந்து பழகியவர், கயிறு எங்கே இருக்கிறதென்று உங்கள் காலுக்கே தெரியும். இவர் பாறையில் முதல்முறை கால் வைக்கப் போகிறவர்.

கருங்கல்:
நுரை பற்றி. நூலேணி சொல்லும் பக்கவாட்டுப் பாதுகாப்பு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நுரையில் இரண்டு வகை. இபிஎஸ் என்பது தெர்மகோல் இனம், அடியை வாங்கி நசுங்கி உடைவதுதான் அதன் வேலை. ஒரு பலமான அடியோடு அதன் கதை முடிந்தது. அடிகூட வேண்டாம், பேருந்தில் பையின் மேல் ஒருவர் உட்கார்ந்ததில் எங்கள் குழுவில் ஒரு ஹெல்மெட் உள்ளே விரிசல் விட்டிருந்தது. மேலே மெல்லிய உறை மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, திணிப்பைப் பிரித்துத் துடைத்தபோதுதான் பார்த்தோம். இபிபி என்பது ரப்பர் மாதிரி நசுங்கி எழும், அதை நம்பலாம். ஆனால் விலை அதிகம், கூரான பாறையில் உரசினால் சீக்கிரம் தேயும். ஆறு பேர் மாற்றி மாற்றிப் போடும் இடத்தில், தூக்கி எறிந்தாலும் தாங்கும் ஓடுதான் எனக்கு நிம்மதி.

நூலேணி:
அவர் தனக்கென்று ஒன்று வாங்குகிறார் அண்ணா, குழுவுக்கு இல்லை. நாள் முழுக்கக் கழற்றாமல் இருப்பாரா என்பதுதான் கேள்வி. பெட்ஸல் நிறுவனத்தின் சிரோக்கோ ஹெல்மெட் சுமார் 170 கிராம், பெரும்பாலும் இபிபி நுரை. அதே நிறுவனத்தின் போரியோ சுமார் 290 கிராம், வெளியே ஏபிஎஸ் ஓடு, உள்ளே பக்கவாட்டு வரை நுரை. எடையில் 120 கிராம் வித்தியாசம். ஒரு மணி நேரத்தில் தெரியாது, ராமநகரா வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தெரியும். கழற்றிப் பாறையில் வைத்துவிட்டால் எவ்வளவு கெட்டி ஓடாக இருந்து என்ன பயன்?

ஆனால் போரியோ மாதிரி இரண்டும் கலந்தது உங்களுக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மலைநெல்லி:
நீங்கள் நான்கு பேரும் முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓசூர்க்காரி, உங்களுக்கு நீளமான முடி என்றால் இதைக் கேளுங்கள்.

கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் மாட்டினால் கொண்டை பின்விளிம்பைத் தள்ளும். முன்பக்கம் கண்ணை மறைக்கிறதே என்று நாம் பின்னால் ஏற்றிவிடுவோம், நெற்றி முழுக்கத் திறந்துவிடும். என் முதல் வருடப் படங்கள் எல்லாவற்றிலும் ஹெல்மெட் பின்மண்டையில் பூக்கூடை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பல்லி அண்ணா சொன்ன கழுத்து இடியும் பாதி இதனால்தான் வருகிறது. சரியாக உட்கார்ந்தால் புருவத்துக்கு மேல் இரண்டு விரல்தான் இடைவெளி இருக்க வேண்டும். கழுத்தை ஒட்டித் தாழ ஒற்றைப் பின்னல் போடுங்கள், பின்னால் இறுக்கும் பட்டைக்குக் கீழே அது வெளியே வர வேண்டும். கடைக்கு அதே பின்னலோடு போங்கள்.

அங்கே தாடை வாரைப் போடாமல் பின்பட்டையை மட்டும் இறுக்கிக் குனிந்து தலையை ஆட்டுங்கள். விழுந்தால் அந்த அளவு வேண்டாம். அப்புறம் வாரைப் போட்டு, முன்விளிம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள், நெற்றி தெரியக் கூடாது. கடைசியாக உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும்.

ஓசூர்க்காரி:
சனிக்கிழமை போய் வந்தேன். பின்னலோடு போனேன், மலைநெல்லி அக்காவுக்கு நன்றி. தலைச் சுற்றளவு 55 சென்டிமீட்டர். நுரை மட்டும் உள்ளது தலையில் இருப்பதே தெரியவில்லை, ஆனால் குனிந்து ஆட்டியபோது முன்னால் சரிந்துவிட்டது, அதற்குச் சின்ன அளவு கடையில் இல்லை. கலப்பு வகை பின்னலுக்கு மேல் அழகாக உட்கார்ந்தது, அண்ணாந்தாலும் கழுத்தில் இடிக்கவில்லை. உள்ளே இஎன் 12492 இருந்தது, தயாரித்த மாதமும் பார்த்தேன், போன வருடத்தது. அதையே வாங்கிவிட்டேன். சைக்கிள் ஹெல்மெட் தம்பிக்கு. ஒரே நிறத்தில் இரண்டு பேர் வாங்கியிருக்கிறோம், பெயிண்டில் பெயர் எழுதலாமா?

கருங்கல்:
பெயிண்ட் வேண்டாம் தங்கச்சி, அதில் உள்ள கரைப்பான் ஓட்டைத் தின்னும். வாரில் ஒரு நூல் முடிச்சுப் போடுங்கள், அடையாளத்துக்கு அது போதும். காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விட்டுவிடாதீர்கள். அடியே படாவிட்டாலும் தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

பாறைப்பல்லி:
பாதாமியின் சாய்ந்த பாதையில் ஏறும்போது போட மாட்டேன், அந்தக் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கீழே நின்று கயிறு பிடிப்பவர் ஓட முடியாது என்று கருங்கல் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு பிலே பிடிப்பது என் மனைவி. இத்தனை வருடமும் வெறுந்தலையோடுதான் நிற்கிறார். அவருக்குத் தலை 54, முடி இடுப்பு வரை. மலைநெல்லி, அந்தப் பின்னலை எந்த உயரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள், அப்படியே காட்டுகிறேன்.

மலைநெல்லி:
காது மடலின் அடிப்பக்கத்துக்கு நேராக ஆரம்பிக்கச் சொல்லுங்கள் அண்ணா. அதற்கு மேலே போனால் பட்டையில் மாட்டும்.