பாய்லர் நாலு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

தூக்கம்கெட்டவன்:
ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கான சூடும் குழாய் வெந்நீரும் ஒரே பெட்டியிலிருந்து வரும் காம்பி வகை கேஸ் பாய்லர். ஹீட்டிங் போட்டால் உடனே பற்றிக்கொள்கிறது, நாலைந்து நிமிடம் ஓடுகிறது, அப்புறம் பொசுக்கென்று அணைகிறது, சில சமயம் தானாகவே திரும்பப் பற்றுகிறது, சில சமயம் எரர் காட்டி நின்றுவிடுகிறது, ரீசெட் அழுத்தினால் மறுபடி அதே கதை. உள்ளே இருக்கும் நீரின் பிரஷர் ஆறியிருக்கும்போது 1.4 பார், சூட்டில் 1.8. வந்த மெக்கானிக் தீயைப் பற்றவைக்கும் எலக்ட்ரோடை மாற்றினார், பலனில்லை. இப்போது போர்டு, அதாவது பாய்லரை இயக்கும் மின்னணுப் பலகை, போயிருக்கும் என்கிறார். மாற்றலாமா?

கரித்துணி:
அவசரப்படாதீர்கள். எது என்று தெரியாதபோது போர்டின் தலையில் பழியைப் போடுவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். உங்கள் பிரஷர் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்: ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு ஒரு குழாயில் வெந்நீரைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். அப்போதும் அணைகிறதா? எரர் எண்ணை இங்கே போட்டுப் பயனில்லை, ஒரே எண் ஒரு கம்பெனியில் ஒன்றைக் குறிக்கும், இன்னொன்றில் வேறொன்றை. உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள்.

பனிக்கட்டி:
என் வீட்டிலும் இதே தொல்லை, ஆனால் எனக்கு வெந்நீரிலும் அணைந்தது. அணைவதற்கு முன்னால் உள்ளே கொடகொடவென்று சத்தம் வரும். கண்டென்சேட் குழாய், அதாவது புகையிலிருந்து வடியும் நீரை வெளியே விடும் பிளாஸ்டிக் குழாய், வெளிச்சுவரில் உறைந்துபோய் நீர் பின்னால் தேங்கியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் (கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும்) ஊற்றியதும் சரியாகிவிட்டது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

தூக்கம்கெட்டவன்:
கொடகொட சத்தம் இல்லை. வெந்நீர் பன்னிரண்டு நிமிடம் விட்டேன், ஒருமுறைகூட அணையவில்லை! நல்ல சூடு. கையேட்டின்படி அந்த எண் 'அதிக வெப்பம்'. ரேடியேட்டரே சரியாகச் சூடாகாத வீட்டில் அதிக வெப்பமா என்று சிரிப்புத்தான் வந்தது.

கரித்துணி:
சிரிக்காதீர்கள், விடையே அதில்தான் இருக்கிறது. வெந்நீருக்கும் அதே பர்னர், அதே கேஸ், அதே ஃபேன், அதே புகைக்குழாய், அதே எலக்ட்ரோடுதான். காம்பியில் பம்ப்கூட அதேதான், வெந்நீர் கேட்கும்போது டைவர்ட்டர் வால்வு திரும்பி, சூடான நீரை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் உள்ளேயே சின்னச் சுற்றில் சுற்ற விடுகிறது. அந்தச் சுற்றில் பன்னிரண்டு நிமிடம் ஓடினால் இவற்றின் மீது சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடும் (பம்ப் கொஞ்சம் சோர்ந்திருக்கலாம், சின்னச் சுற்றுக்கு அது தாங்கும்). மிச்சம் இருப்பது வெளிச்சுற்று. சூடு வெளியே போக வழியில்லாமல் பாய்லருக்குள்ளேயே தேங்குகிறது, அது பயந்து அணைகிறது, ரேடியேட்டர் பச்சைத்தண்ணீராகவே கிடக்கிறது.

அடுத்து, ஹீட்டிங் போட்டு மூன்றாவது நிமிடத்தில் பாய்லரின் அடியில் ரேடியேட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் கையை எடுத்துவிடுங்கள், போகும் குழாய் 70 டிகிரிக்கு மேலேகூட இருக்கும். அது கொதிக்க, திரும்பும் குழாய் சில்லென்று இருந்தால் ஓட்டம் அடைபட்டிருக்கிறது: மூடிய வால்வு, நிரம்பிய ஃபில்டர், சேறு. இரண்டும் சூடாக இருந்தால் வேறு கதை, திறந்திருக்கும் ரேடியேட்டர்கள் போதவில்லை. ஒரு நடுத்தர ரேடியேட்டர் சுமார் 1 கிலோவாட்தான் வாங்கும், பாய்லரால் 7 கிலோவாட்டுக்குக் கீழே இறங்க முடியாவிட்டால் இரண்டு அறையை மட்டும் திறந்து வைத்தால் அணைந்து அணைந்து பற்றத்தான் செய்யும்.

சாம்பல்நிறம்:
இடையில் ஒன்று. அடிக்குழாயைத் தொடுவதோடு நில்லுங்கள், முன்மூடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பல மாடல்களில் அந்த மூடிதான் எரியும் இடத்தை அடைத்து வைக்கிறது, கேஸ் உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, அலாரம் இல்லாவிட்டால் இன்றே மாட்டுங்கள். ரீசெட்டையும் சும்மா அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், பாய்லர் காரணத்தோடுதான் பூட்டிக்கொள்கிறது.

தூக்கம்கெட்டவன்:
போகும் குழாயில் விரல் வைக்க முடியவில்லை, திரும்பும் குழாய் ஜில். வேறொரு மெக்கானிக்கை அழைத்து இதைச் சொன்னேன். நேராகத் திரும்பும் குழாயில் இருந்த காந்த ஃபில்டரைத் திறந்தார், கறுப்புச் சேறு வழிந்தது, காந்தம் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. அப்போதுதான் உறைத்தது: போன மாதம் சுவருக்கு வண்ணம் அடிக்க இரண்டு ரேடியேட்டரைக் கழற்றி மாட்டினோம். வருடக்கணக்காக அடியில் படிந்திருந்த துரு கலங்கி மொத்தமாக அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. கழுவி, துருத்தடுப்பு மருந்து ஊற்றினார். இப்போது நாற்பது நிமிடமாக நிற்காமல் ஓடுகிறது, போர்டு அப்படியே இருக்கிறது.

கரித்துணி:
ஒரு வாரம் கழித்து அந்த ஃபில்டரை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். கலங்கியது முழுவதும் ஒரே தடவையில் வந்திருக்காது.