மாட்பஸ் பதில் வரவில்லை: எஸ்டிஎம்32 யூசார்ட் ரெஜிஸ்டரில் பாரிட்டி சந்தேகம்

கேள்வி – காசிமேடு

எல்லோருக்கும் வணக்கம். காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்காக, பிரைன் (உப்புக் கரைசல்) தொட்டியின் வெப்பநிலையை ஆபீஸ் ரூமில் காட்டுகிற மாதிரி சின்ன போர்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் சிப், கூடவே அதன் சிக்னலை ஏ, பி என்ற இரண்டு ஒயரில் அனுப்பி வாங்கித் தருகிற, 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்485 மாட்யூல். பேனலில் ஏற்கெனவே இருக்கும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்பஸ் ஆர்டியு (கருவிகள் ஒயர் வழியே கேட்டுப் பதில் சொல்லும் முறை) பேசும்: வேகம் 9600, 8 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி (1-களின் எண்ணிக்கையை இரட்டையாக்கும் சரிபார்ப்பு பிட்), 1 ஸ்டாப் பிட். லேப்டாப்பில் யூஎஸ்பி 485 கன்வெர்ட்டர் போட்டுக் கேட்டால் உடனே பதில் தருகிறது, என் போர்டு கேட்டால் மட்டும் வாயே திறப்பதில்லை.

லைப்ரரி இல்லாமல் ரெஜிஸ்டரில் நேராக எழுதுகிறேன். சிப்பின் சீரியல் போர்ட்டான யூசார்ட்2, அதன் கால்கள் பிஏ2 (அனுப்ப), பிஏ3 (வாங்க). கன்ட்ரோல் ரெஜிஸ்டரான சிஆர்1-இல் யூசார்ட் எனேபிள், டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், பிசிஇ (பாரிட்டி எனேபிள்) நாலும் 1, பிஎஸ் (பாரிட்டி வகை) 0, அதாவது ஈவன். வேகத்தை முடிவு செய்யும் பிஆர்ஆரில் 3750. அனுப்பும்போது மாட்யூலை அனுப்ப வைக்கும் டிரைவர் எனேபிள் பின்னை 1 ஆக்கி, ஒவ்வொரு பைட்டையும் டிஆரில் (டேட்டா ரெஜிஸ்டர்) போட்டு டிஎக்ஸ்இ என்ற நிலை பிட் வரும்வரை காத்திருந்து, கடைசி பைட்டுக்கும் டிஎக்ஸ்இ வந்ததும் பின்னை 0 ஆக்குகிறேன்.

ஏ-பி ஒயரில் லேப்டாப்பை 8 பிட், பாரிட்டி இல்லாமல் வைத்துப் பார்த்தேன். அனுப்புவது ஹெக்ஸில் 01 03 00 00 00 01 84 0ஏ. அங்கே தெரிவது 81 03 00 00 00 81 84, அவ்வளவுதான். ஜூன் 14-ஆம் தேதி தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிவிட்டால் பேனல் பக்கம் நிற்கக்கூட இடம் கிடைக்காது, அதனால் கொஞ்சம் சீக்கிரம் உதவுங்கள்.

பதில் – திருவொற்றியூர்

தம்பி, பார்த்த பைட்டை அப்படியே போட்டது ரொம்ப நல்லது, பாதி விடை அதிலேயே இருக்கிறது. முதலில் பாட் ரேட் (அனுப்பும் வேகம்) சரிதான். யூசார்ட்2 சிப்புக்குள் ஏபிபி1 என்ற பஸ்ஸில் இருக்கிறது, சிப் 72 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் அந்த பஸ் 36-க்கு மேல் போகாது, 3,60,00,000-ஐ 9600-ஆல் வகுத்தால் 3750. பல பேர் 72-ஐ வைத்து 7500 போட்டுவிட்டு, லைனில் 4800 ஓடுவது தெரியாமல் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுவார்கள். உன் சிக்கல் அது இல்லை.

இந்தச் சிப்பில் டேட்டா நீளம் என்றால் பாரிட்டியையும் சேர்த்து. சிஆர்1-இன் 12-ஆவது பிட், எம் பிட், 0 என்றால் மொத்தம் 8 பிட். அதோடு பிசிஇ-யையும் 1 ஆக்கினால் 7 டேட்டாவும் 1 பாரிட்டியும்தான் போகும். 01-இல் ஒரே ஒரு 1 இருக்கிறது, எண்ணிக்கையை இரட்டையாக்க மேல் பிட்டை அது 1 ஆக்கியது, 81 ஆகிவிட்டது. 03-இல் இரண்டு இருப்பதால் மாறவில்லை. 84-இன் சொந்த மேல் பிட் வெட்டுப்பட்டு, பாரிட்டியும் 1 ஆக வந்ததால் தற்செயலாகச் சரியாகத் தெரிகிறது. கன்ட்ரோலரோ 9-ஆவது இடத்தில் பாரிட்டியைத் தேடுகிறது, அங்கே உன் ஸ்டாப் பிட் 1 ஆக நிற்கிறது, அதனால் எல்லா பைட்டும் பாரிட்டி எரர். தப்பான ஃபிரேமுக்கு மாட்பஸ் ஸ்லேவ் (இங்கே கன்ட்ரோலர்) பதிலே சொல்லாது. எம் பிட்டை 1 ஆக்கு, அனுப்ப ஆரம்பிக்கும் முன்பே.

பதில் – பெரம்பூர்

அண்ணன் சொன்னதோடு இன்னொன்று: 0ஏ எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லையே. டிஎக்ஸ்இ வந்தால் டிஆர் காலி என்றுதான் அர்த்தம், பைட், பிட் பிட்டாக வெளியே தள்ளும் ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குள் இப்போதுதான் இறங்கியிருக்கும். எம் பிட் போட்டபின் ஒரு பைட்டுக்கு 11 பிட், 9600-இல் சுமார் 1.15 மில்லி செகண்ட், அதற்குள் நீங்கள் டிரைவரை அணைத்துவிடுகிறீர்கள். நடுவில் உள்ள பைட்டுகளுக்கு டிஎக்ஸ்இ போதும், கடைசிக்கு மட்டும் எஸ்ஆரின் (ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்) 6-ஆவது பிட், டிசி (அனுப்பி முடிந்தது), வந்த பிறகு பின்னை இறக்குங்கள். டிஎக்ஸ் காலில் பார்த்தால் 0ஏ முழுசாகத் தெரியும், ஏ-பி ஒயரில்தான் இருக்காது, சரிபார்க்க அதுவே சுலபம்.

மறுபடி காசிமேடு

இரண்டையும் மாற்றினேன், கன்ட்ரோலர் பதில் தருகிறது! அண்ணனுக்கும் ப்ரோவுக்கும் ரொம்ப நன்றி. ஆனால் கம்ப்ரசர் ஓடும்போது சில சமயம் பதிலுக்கு முன்னால் ஒரு 00 ஒட்டிக்கொண்டு வருகிறது, சிஆர்சி (கடைசி இரண்டு பைட்டில் வரும் சரிபார்ப்பு) உதைக்கிறது.

பதில் – வியாசர்பாடி

மாட்யூலில் டிரைவர் எனேபிளும் ரிசீவர் எனேபிளும் ஒன்றாகக் கட்டியிருப்பீர்கள். அனுப்பும் நேரத்தில், வாங்கியதைச் சிப்புக்குக் கொடுக்கும் ஆர்ஓ கால் எதையும் பிடிக்காமல் மிதக்கும், மோட்டார் இரைச்சல் அதில் ஸ்டார்ட் பிட் மாதிரி விழுகிறது. ஆர்ஓ-விலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கே புல்அப் ரெசிஸ்டர் போடுங்கள். பின்னை இறக்கியதும் எஸ்ஆரைப் படித்து உடனே டிஆரை ஒரு தரம் படித்துத் தூக்கிப் போடுங்கள், ஓவர்ரன் (முந்தைய பைட்டைப் படிக்கும் முன் அடுத்தது வந்த எரர்) நின்றிருந்தாலும் கழன்றுவிடும். வரும் பைட்டில் 9-ஆவது பிட்டாகப் பாரிட்டியும் டிஆருக்குள் வரும், கீழ் 8 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இதுதான் எனக்குப் பெரிய கவலை: மேக்ஸ்485 5 வோல்ட்டை வெளியே தள்ளும், இந்தச் சிப்பில் பிஏ3 5 வோல்ட் தாங்கும் கால் இல்லை. இன்றைக்கு ஓடும், ஒரு நாள் போய்விடும். மேக்ஸ்3485 போட்டு 3.3-இல் ஓட்டுங்கள், இல்லை யூசார்ட்3-க்கு மாறுங்கள், பிபி10, பிபி11 இரண்டும் 5 வோல்ட் தாங்கும். அதுவும் ஏபிபி1-தான், அதே 3750.

மறுபடி காசிமேடு

புல்அப் போட்டதும் 00 நின்றுவிட்டது. கையில் 3485 இல்லாததால் யூசார்ட்3-க்கு மாற்றிவிட்டேன், கம்ப்ரசர் ஓடும்போதும் ரீடிங் விடாமல் வருகிறது. போர்டை நாளைக்குப் பேனலில் மாட்டுகிறோம்.