தம்பி மாத்திரை ஊசிக்கு அடிமையாயிட்டான், எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல

வைகைக்கரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். இத எங்க கேக்குறதுன்னே தெரியாம ரெண்டு நாளா டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சிட்டு இருக்கேன். நாங்க மதுரை. அப்பா இல்ல, அம்மா, நான், தம்பி மட்டும்தான். தம்பிக்கு 21 வயசு, டிப்ளமோவ பாதில விட்டுட்டு லேத் பட்டறைக்குப் போயிட்டு இருந்தான், இப்ப அதுவும் ஒழுங்கா போறதில்ல. ஆறேழு மாசமாவே ஆளு சரியில்ல. ராத்திரி பூரா முழிச்சிருப்பான், பகல்ல சோத்துத் தட்டுல கைய வச்சபடியே தூங்கி விழுவான், இந்த வெயில்ல முழுக்கை சட்டை வேற. நான் ஏதோ காதல் தோல்வின்னு நெனச்சுக்கிட்டேன்.

போன வாரம் அவன் ஷூவ துவைக்கலாம்னு எடுத்தா உள்ள அட்டைக்கு அடியில காலி மாத்திரை அட்டை, மடிச்சு மடிச்சு விரல் நகம் அளவுக்கு ஆக்கி அஞ்சாறு கெடக்கு, கூடவே சிரிஞ்சோட மூடி ஒண்ணு, ஆரஞ்சு கலர்ல. தெரிஞ்ச மெடிக்கல்ல அட்டைய காட்டி கேட்டா கடும் வலிக்கு குடுக்குற டேபென்டடால் மாத்திரைன்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி கேட்டேன், மொதல்ல கத்துனான், அப்புறம் அழுதுட்டான். "நிறுத்தணும்னுதான்க்கா இருக்கு, ஒரு நாள் விட்டா ஒடம்பெல்லாம் முறுக்குது, செத்துரலாம் போல இருக்கு"ன்னான். என் தோடு எங்க போச்சுன்னும் அப்பதான் தெரிஞ்சது.

அம்மா குலசாமி கோயில்ல கயிறு கட்டலாம், ஒரு கல்யாணத்த பண்ணி வச்சா பொறுப்பு வந்துரும்ங்குது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு மையத்தோட நம்பர் குடுத்தாரு. பேசுனேன், மூணு மாசத்துக்கு 45,000, "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், ராத்திரி வேன்ல நாலு பேரு வந்து தூக்கிட்டுப் போயிருவோம், ஒரு மாசத்துக்கு பாக்க வரக்கூடாது"ன்னாங்க. எனக்கு வயித்தக் கலக்குது. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிருமா? நான் ஜவுளிக்கடையில பில் போடுற வேலை, 45,000ம் கடன்தான் வாங்கணும். யாராச்சும் வழி சொல்லுங்க.

வார்டு_நர்ஸ்:
தங்கச்சி, மொதல்ல அந்த வேன்காரங்களுக்கு பணம் அனுப்பாதீங்க. நான் அரசு ஆஸ்பத்திரி மனநல வார்டுல 11 வருஷமா இருக்கேன், அதுல சொல்றேன். உங்க தம்பி அவன் வாயாலயே நிறுத்தணும்னு சொல்லிட்டான்ல, அதவிட பெருசு எதுவும் இல்ல, அந்தப் பேச்சு ஆறிப்போறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிரணும். நாளைக்கே காலைல உங்க ஊர் பெரியாஸ்பத்திரிக்கு, அதான் ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போங்க, சீட்டு போடுற எடத்துல மனநல ஓபின்னு சொன்னா போதும், என்ன ஏதுன்னு அங்க விளக்கத் தேவையில்ல. காசு கெடையாது. ஆதார் இருந்தா எடுத்துக்கோங்க, அந்தக் காலி அட்டைகள்ல ஒண்ண கட்டாயம் எடுத்துக்கோங்க, எத்தன மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனன்னு டாக்டருக்கு அதுதான் கணக்கு.

ஒண்ணு முக்கியம். கடைசியா எப்ப போட்டான்னு உண்மைய சொல்லச் சொல்லுங்க. இந்த மாதிரி ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்துப் பழக்கத்துக்கு புப்ரினார்பின்னு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை குடுப்பாங்க, அத ஒடம்புல பழைய மருந்து இருக்கும்போதே குடுத்துட்டா முறுக்கல் திடீர்னு பல மடங்கா வரும். அதனால கொட்டாவி, மூக்குல தண்ணி, புல்லரிப்பு, வயித்துப்போக்கு, கால் குடைச்சல் இதெல்லாம் ஆரம்பிச்ச பிறகுதான் மொத மாத்திரை. பயப்பட வேணாம், அது ஒரு நாள் ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போயி ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கும். இதுவே குடிப்பழக்கமும் கூட இருந்தா அதையும் மறைக்காம சொல்லணும், தினம் குடிக்கிறவங்க வீட்டுல சட்டுனு நிறுத்துனா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.

ஊசின்னதால ரத்தப் பரிசோதனையும் பண்ணிருங்க. அதே ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு இருக்கும், எச்ஐவி இலவசமா பாப்பாங்க, ரகசியமா வச்சுக்குவாங்க. மஞ்சக்காமாலை பி, சி ரெண்டும் டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. சி இருந்தாக்கூட இப்ப மாத்திரையிலயே குணமாக்கிறாங்க, பெரும்பாலும் 12 வாரம், அரசு திட்டத்துல இலவசம். தம்பி ஊசில ஏத்துறது வாயில போடறதுக்கு செஞ்ச மாத்திரை, அதுல கலந்திருக்கிற மாவுப்பொருள் ரத்தக்குழாய்ல போயி அடைச்சு, சீழ் கட்டி, கை வீங்கி வர்ற பசங்கள வாரா வாரம் பாக்குறேன். கைல எங்கயாச்சும் செவந்து சூடா இருந்தா அத மொதல்ல காட்டுங்க.

போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாச்சும் பேசணும்னா 14446, அது போதை மீட்புக்கான மத்திய அரசு நம்பர். 14416 டெலிமானஸ்னு மனநல ஆலோசனை நம்பர், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், நீங்களும் பேசலாம், தம்பிதான் பேசணும்னு இல்ல. 2025ல தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரிகள்ல கலங்கரைன்னு போதை மீட்பு மையம் 25 எடத்துல தொறந்தாங்க, உங்களுக்குப் பக்கத்துல எதுன்னு இந்த நம்பர்லயே கேக்கலாம்.

மீண்டவன்:
சகோதரி, அந்த வேன்ல போனவன் நான். அதனால எழுதாம இருக்க முடியல.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா இதே மாதிரி ஒரு எடத்துக்குப் பணம் கட்டுனாரு, எந்த எடம்னு வேணாம். தூங்கிட்டு இருந்தவன கைய கட்டித் தூக்குனாங்க, தெருவே பாத்துச்சு. அங்க டாக்டர்னு யாரையும் நான் பாக்கல. முறுக்கல்ல கெடந்து உருளும்போது தண்ணி ஊத்துனாங்க, அடிச்சாங்க. 90 நாள் கழிச்சு வெளிய வந்து ஒம்போதாவது நாள் மறுபடியும் போட்டேன், அப்பா மேல இருந்த கோவத்துலயே போட்டேன். என்கூட அங்க இருந்த ஒரு பையன், பேரு சொல்ல மாட்டேன், வீட்டுக்குப் போன வாரமே செத்துட்டான். மூணு மாசம் நிறுத்துனதுல ஒடம்புக்கு பழைய தாங்கும் சக்தி போயிருச்சு, அவன் பழைய அளவே எடுத்திருக்கான். இத எந்த மையத்துலயும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அதனால தயவு செஞ்சு தம்பிக்கு சொல்லி வைங்க, நடுவுல தவறினாலும் பழைய அளவ தொடக்கூடாது, தனியா இருக்கக்கூடாது, தூக்க மாத்திரையோ சரக்கோ சேரவே கூடாது. எழுப்பினா எந்திரிக்கல, குறட்டை மாதிரி மூச்சு விட்டு விட்டு வருது, உதடு நீலமாகுதுன்னா உடனே 108, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, என்ன போட்டான்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட பளிச்சுனு சொல்லுங்க. அதுக்கு நலாக்சோன்னு மாத்து ஊசி இருக்கு.

ரெண்டாவது தடவ நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தினமும் காலைல வரிசையில நிப்போம், நர்ஸம்மா அந்த புப்ரினார்பின் மாத்திரைய பொடியாக்கி நாக்குக்கடியில போடுவாங்க, கசப்பு தாங்காது, எச்சில் முழுங்கக்கூடாது, பேசக்கூடாது, அஞ்சு பத்து நிமிஷம் வாய மூடிட்டு பெஞ்சுல ஒக்காந்திருக்கணும், அப்புறம் நாக்கத் தூக்கிக் காட்டணும். பதினஞ்சு பேரு ஒரு வார்த்த பேசாம ஒக்காந்திருப்போம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே காலைல குளிச்சிட்டு சட்டை மாத்திட்டு கெளம்ப ஆரம்பிச்சேன். ஒரு போதைக்கு இன்னொரு போதைன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, காது குடுக்காதீங்க. சுகர்க்காரங்க மாத்திரை போடற மாதிரிதான், மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல. நான் வேலைக்குப் போறேன், டூவீலர் ட்யூ கட்டுறேன். சாயங்காலம் நார்காடிக்ஸ் அனானிமஸ் மீட்டிங், போதைய விட்டவங்க ஒண்ணா ஒக்காந்து பேசுறது, அதுக்கும் காசு கெடையாது.

கோர்ட்டு_வாசல்:
போலீஸ் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், வக்கீல் குமாஸ்தாவா இருந்ததுல தெரிஞ்சத. சிகிச்சைக்கு வர்றவர பத்தி ஆஸ்பத்திரி ரகசியம் காக்கணும்னு மனநல பராமரிப்புச் சட்டம் 2017லயே இருக்கு. போதைப்பொருள் சட்டம் 1985ல 64ஏன்னு ஒரு பிரிவு, உபயோகிச்சதுக்கோ சின்ன அளவுக்கோ கேஸ் இருக்கிறவங்ககூட அவங்களா அரசு ஆஸ்பத்திரிலயோ அரசு அங்கீகரிச்ச எடத்துலயோ சிகிச்சைக்கு வந்தா அந்த வழக்கு நடவடிக்கையிலருந்து விலக்கு உண்டு, ஆனா சிகிச்சைய முழுசா முடிக்கணும். விக்கிறவங்களுக்கு இது செல்லாது. உங்க தம்பி மேல கேஸே இல்லாதப்ப பயந்து வீட்டுல வச்சிருக்கிறது வேணாம்.

தனியார் மையம்தான்னு ஆச்சுன்னா மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு சர்டிபிகேட்ட கண்ணால பாருங்க. பதிவு இல்லாம நடத்தவே கூடாது. சங்கிலி போடறது அதே சட்டத்துல தடை. முடிவெடுக்க முடியாத நெலமைல ஆள வீட்டாள் மூலமா சேத்தாக்கூட ஒரே மூச்சுல 30 நாள்தான், அதுக்கு மேலன்னா தனி நடைமுறை இருக்கு. ஒரு மாசம் பாக்க வரக்கூடாதுன்னு சொல்ற எடத்துல புள்ளைய விடாதீங்க.

கோமதி_அம்மா:
அம்மாடி, உங்கம்மாவுக்கு இத படிச்சுக் காட்டு. எம்புருஷன் குடில கெடந்தப்ப நானும் கோயில் கோயிலா கயிறு கட்டுனவதான், சாமிய குறை சொல்லல, கயிறு கட்டுன கையோட டாக்டர்கிட்டயும் போங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விரோதமில்ல. கல்யாணம் மட்டும் வேணவே வேணாம். இன்னொரு வீட்டுப் பொண்ணு கண்ணீர் விடணுமா? நான் விட்டேன்.

சென்னைல அடையாறு பக்கம் டிடிகே ஆஸ்பத்திரில அவர சேத்தோம். சாந்தி ரங்கநாதன்னு ஒரு அம்மா, புருஷன குடிக்குப் பறிகுடுத்துட்டு 1980ல ஆரம்பிச்சது. அங்க எனக்கும் தனியா வகுப்பு வச்சாங்க, நான் என்னத்துக்கு ஒக்காரணும்னு மொத நாள் கோவம்தான். அவரு சட்டைப்பைய தடவுறது, நூறு நூறா கையில குடுக்குறது, கடனை அடைச்சு விடுறது, ஊருக்கு மறைக்கிறது, எல்லாம் நான் அன்புன்னு செஞ்சது. பணமா குடுக்காத. பஸ் டிக்கெட்டு நீ எடு, சாப்பாடு நீ போடு. திட்டாத, வேவும் பாக்காத, ஆனா ராத்திரி ஒரு தடவ மூச்ச பாத்துக்க. நீயும் நேரத்துக்கு சாப்பிடு.

வைகைக்கரைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மீண்டவன் அண்ணன் எழுதுனத தம்பிகிட்டயே போன குடுத்து படிக்கச் சொன்னேன். ரெண்டு தடவ படிச்சான். அந்தச் செத்துப்போன பையன் பகுதிய மூணாவது தடவ படிச்சான், ஒண்ணும் பேசல. காலைல ஆறரைக்கு அவனே எந்திரிச்சு சட்டை போட்டுட்டு நின்னான், கொட்டாவியா விட்டுக்கிட்டு, கண்ணுல தண்ணியோட.

ஓபில ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம், நடுவுல ரெண்டு தடவ வெளிய போறேன்னான், நானும் கூடவே போனேன். டாக்டர் ஒரு வார்த்த திட்டல. அட்டைய பாத்தாங்க, கைய பாத்தாங்க, எடது முழங்கை கிட்ட ஒரு எடம் கெட்டியா இருக்குன்னு சர்ஜரிக்கு எழுதிருக்காங்க. ரத்தம் எடுத்தாச்சு. அட்மிஷன் போடலாம்னு சொன்னாங்க, அவனே சரின்னு கையெழுத்துப் போட்டான். அம்மா இப்ப அவன்கூட வார்டுல இருக்கு, கையில கயிறும் கட்டி விட்டுருக்கு.

நர்ஸ் அக்கா, ஒரே ஒரு சந்தேகம். ரத்த ரிசல்ட்ட நான் போயி வாங்கலாமா, இல்ல அவன்கிட்டதான் குடுப்பாங்களா? வெள்ளிக்கிழமை கடையில லீவு சொல்லணும், அதுக்குத்தான் கேக்குறேன்.

வார்டு_நர்ஸ்:
எச்ஐவி ரிசல்ட் அவன்கிட்டதான் சொல்லுவாங்க, கவுன்சிலர் ஒக்கார வச்சு. அவன் சம்மதிச்சா நீங்களும் உள்ள போகலாம். லீவு போட்டுருங்க.