ஜாக்கெட் கை முனைக்கு எது: ஜிப், ரிப், டிச் பட்டன்?

வேளச்சேரி_ரைடர்:

பெரியமேட்டில் அளவு கொடுத்து லெதர் ஜாக்கெட் தைக்கப் போகிறேன். மாட்டுத் தோல், 1.1 மி.மீ. கனம், குரோம் பதனிட்டது, உள்ளே மெஷ் லைனிங். தோள், மார்பு, கை நீளம் எல்லாம் முடிந்தது. "கஃப் எப்படி வேணும்?" என்று கை முனையைப் பற்றிக் கேட்டார்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காட்டிய மாதிரிகள் நான்கு: வெறும் மடிப்பு, ஜிப், பின்னல் ரிப், டிச் பட்டன் போட்ட பட்டி.

ஓட்டுவது பைக். வார நாட்களில் ஓ.எம்.ஆர். டிராஃபிக், மாதம் ஒருமுறை ஏலகிரி அல்லது ஜவ்வாது மலை. மணிக்கட்டுச் சுற்றளவு 17.5 செ.மீ., கட்டைவிரலை உள்ளே மடக்கி உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் 25. வாட்ச் கட்டுவேன். கிளவுஸ் குட்டை வகை.

நம்ம ஊர் வியர்வைக்கு எது கசகசக்காது? எது முதலில் போகும், போனால் மாற்ற முடியுமா?

பெரியமேடு_பேட்டர்ன்:

நீங்கள் கொடுத்த இரண்டு அளவிலேயே பாதி பதில் இருக்கிறது. கை நுழைய குறைந்தது 27 செ.மீ. வாய் வேண்டும், மணிக்கட்டோ 17.5. திறக்க வழியில்லாத வெறும் மடிப்பு வைத்தால் சுற்றிலும் ஒன்பதரை செ.மீ. தொளதொள. நடக்கும்போது காற்றோட்டம் சுகம்தான். பைக்கில் 60-ஐத் தாண்டினால் கைக்குள் காற்று புகுந்து முழங்கை வரை பலூன் ஆகும், கையும் மேலே ஏறும். நடைக்கு மட்டும் போடுகிற ஜாக்கெட்டுக்கு மடிப்பு போதும், உங்களுக்கு ஆகாது.

என் ஓட்டு ஜிப்புக்கு. ஆனால் "ஜிப் கஃப்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். சொல்ல வேண்டியவை இவை.

5-ஆம் நம்பர் ஜிப், 5 முதல் 6 இஞ்ச் நீளம். 8-ஆம் நம்பர் முன்பக்கத்துக்குச் சரி, கை முனையில் அதன் கனம் மணிக்கட்டைக் குத்தும். மூடியபின் வாய் 21 முதல் 22 செ.மீ. வாட்சுக்கும் சேர்த்து இது போதும்.

ரன்னர் ஆட்டோ லாக் ஆக இருக்கட்டும். மூடிய நிலையில் ரன்னர் கஃப் ஓரத்தில் நிற்கும். பூட்டு இல்லாத ரன்னர் வண்டி அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பாதி திறந்திருக்கும். பற்கள் கஃப் ஓரத்துக்கு 1 செ.மீ. முன்பே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ரன்னர் வாட்ச் கண்ணாடியையும் டேங்க் பெயின்ட்டையும் கீறும். ஜிப் வரும் இடம் சுண்டுவிரல் பக்கத்துத் தையல், உள்மணிக்கட்டுப் பக்கம் அல்ல.

ஜிப்புக்குப் பின்னால் 3 செ.மீ. அகலத்தில் ஒரு தோல் நாக்கு வையுங்கள், பல் மணிக்கட்டில் உரசாது. அதற்கு 0.6 அல்லது 0.7 மி.மீ. ஆட்டுத் தோல் போதும்.

இனி தைக்கும் விதம். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். மிஷின் பாதத்தின் அழுத்தத்தில் தோல் நீளும், ஜிப் துணி நீளாது. விளைவு, பாம்பு மாதிரி நெளியும் ஜிப். தைக்கும் முன் தோல் ஓரத்தின் உள்பக்கம் 1 செ.மீ. அகல காட்டன் நாடா ஒட்டி, ஜிப்பை இருபக்கம் ஒட்டும் டேப்பில் நிறுத்தி, தோலில் ஒட்டாமல் வழுக்கும் டெஃப்லான் பாதத்தில் தைத்தால் நெளியாது. தையல் இஞ்சுக்கு 7 அல்லது 8. "நெருக்கமா அடிச்சா பலம்" என்பது துணிக்குப் பொருந்தும். தோலில் 12 தையல் அடித்தால் தபால்தலைத் தாள் மாதிரி ஊசித் துளை வரிசையிலேயே கிழியும். ஊசி தோலுக்கான வெட்டு முனை உள்ளது, 16-ஆம் நம்பர். நூல் நைலான் அல்லது பாலியஸ்டர். காட்டன் நூல் வியர்வையில் மட்கிவிடும்.

ஊசிநூல்:

அண்ணன் சொன்ன அளவுகள் சரி. நான் ரிப்பேர் மேஜைப் பக்கமிருந்து சேர்க்கிறேன்.

தோலில் விழுந்த ஊசித் துளை விழுந்ததுதான், துணி மாதிரி மூடிக்கொள்ளாது. அதனால் கஃப்பில் எது முதலில் தேயும் என்பதோடு, அதை மாற்றும்போது தோலைத் தொட வேண்டுமா என்றும் பாருங்கள்.

ஜிப் போனால் இரண்டு வரிசைத் தையலைப் பிரித்து, பழைய துளைகளிலேயே புது ஜிப்பைத் தைக்கலாம். மிஷினில் சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு துளையாக இறக்க வேண்டும், அவ்வளவுதான். ரிப்பும் அப்படியே, ஒரே வரிசை. டிச் பட்டன்தான் ஆபத்து. அது பிய்ந்து வந்தால் தோலில் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அளவுக்கு ஓட்டை விழும். அதைவிடப் பெரிய பட்டன் போட்டு மறைக்கலாம், அதுவும் ஒருமுறைதான்.

டிச் பட்டன் பிய்வதற்குக் காரணம் இழுப்பதல்ல, பின்னால் தாங்கல் இல்லாதது. 1 மி.மீ. தோல் வெட்டுத் துண்டு, 2 செ.மீ. வட்டம், பட்டனுக்கு அடியில் ஒட்டியிருக்க வேண்டும். பட்டன் மையம் ஓரத்திலிருந்து 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பட்டன் தண்டின் நீளமும் தோலின் மொத்தக் கனமும் பொருந்த வேண்டும். கனம் குறைந்தால் பட்டன் சுற்றிக்கொண்டே இருந்து துளையைப் பெரிதாக்கும். கனம் மிஞ்சினால் தண்டு சரியாக விரியாமல் ஒருநாள் தனியாக வரும். உள்ளே முழு வளையக் கம்பி வைத்த 24 லைன் பட்டன், அதாவது 15 மி.மீ., ஜாக்கெட்டுக்குச் சரி.

ரிப்பைப் பற்றி எல்லோரும் திட்டுவார்கள். நான் கொஞ்சம் பரிந்து பேசுகிறேன். மணிக்கட்டுக்கு அதைவிட மென்மையானது கிடையாது, மாற்றவும் மலிவு, துணி திருப்பூரிலிருந்து எத்தனை நிறத்திலும் வருகிறது. ஆனால் சென்னையில் அது வியர்வையைக் குடித்து வைத்திருக்கும். உப்பு தையல் வழியாகத் தோலுக்கு ஏறி, ரிப்பை ஒட்டிய ஒரு செ.மீ. தோல் விறைத்து வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அதே இடத்தில்தான் முதல் பூஞ்சையும் பூக்கும். மழைக்காலத்தில் அலமாரியில் தூங்குகிற ஜாக்கெட் என்றால் ரிப் வேண்டாம். வாரம் மூன்று நாள் வெளியே வருகிறது, போட்டதும் காய வைக்கிறீர்கள் என்றால் தாராளமாக வையுங்கள்.

வைப்பதானால் 2x2 ரிப் (இரண்டு மேடு, இரண்டு பள்ளமாகப் பின்னியது), லைக்ரா கலந்தது, இரட்டையாக மடித்து முடிவில் 6.5 செ.மீ. உயரம். தோல் வாய் 27 என்றால் ரிப் 21.5 முதல் 22 வரை. இன்னும் குறைத்தால் தோல் சுருக்கம் விழும். வெறும் காட்டன் ரிப் நாலு மாதத்தில் தொங்கிவிடும்.

ஈசிஆர்_காற்று:

கிளவுஸைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. குட்டை கிளவுஸ் என்றால் கஃப் அதன் மேல் வர வேண்டும், இடையில் மணிக்கட்டு தெரியக் கூடாது. அப்படியானால் மூடிய வாய் 22 போதாது, கிளவுஸின் வெல்க்ரோ பட்டி கனத்துக்கு 24 ஆவது வேண்டும். பின்னாளில் நீளக் கழுத்து கிளவுஸ் வாங்கி ஜாக்கெட்டுக்கு மேலே போடுவதாக இருந்தால் 21. தைக்கக் கொடுக்கும் அன்று கிளவுஸைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள், நம்பரை நம்ப வேண்டாம்.

ரிப் பற்றி: விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கையும் மணிக்கட்டும். அந்த இடத்தில் பின்னல் துணியை வைத்துவிட்டு மற்ற இடத்தில் 1.1 தோல் போடுவதில் என்ன லாபம்? ஊசிநூல் சொன்னது ஊருக்குள் போடும் பாம்பர் ஜாக்கெட்டுக்குப் பொருந்தும், வண்டிக்கு அல்ல.

கை நீளத்தையும் வண்டியில் உட்கார்ந்து ஹாண்டில் பிடித்துப் பாருங்கள். முழங்கை மடங்கும்போது கை 2, 3 செ.மீ. மேலே ஏறும். நின்றால் கட்டைவிரல் அடி வரை வர வேண்டும், ஓட்டும்போது மணிக்கட்டு எலும்பைத் தாண்டி 2 செ.மீ. மூடியிருக்க வேண்டும்.

பெரியமேடு_பேட்டர்ன்:

நீளம் பற்றிச் சொன்னது முக்கியம். ஜிப் கஃப்பில் தைத்தபின் கீழிருந்து குறைக்க முடியாது, ஜிப் வெட்டுப்படும். தோளைப் பிரித்துத்தான் குறைக்க வேண்டும், அது பெரிய வேலை. தோலை வெட்டும் முன் காடாத் துணியில் ஒரு கை தைத்துப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். அரை மணி நேர வேலை.

வேளச்சேரி_ரைடர்:

நன்றி அண்ணே, நன்றி ஊசிநூல். ஜிப் என்று முடிவு செய்துவிட்டேன், மூடிய வாய் 24. இன்னும் சில சந்தேகம். ஜிப் திறப்பில் முக்கோணத் துண்டு வைக்கவா என்று கேட்கிறார்கள். ஜிப் பித்தளையா பிளாஸ்டிக்கா? கஃப் உள்பக்கம் லைனிங் முனை வரை வரலாமா?

பெரியமேடு_பேட்டர்ன்:

முக்கோணத் துண்டு மழைக்கும் குளிருக்கும் நல்லது. நமக்கு அது ஒரு தொல்லை. மடிப்பு சரியாக விழாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஜிப் பல்லில் சிக்கும். துண்டு இல்லாமல் நாக்கு மட்டும் வையுங்கள். கஃப் ஓரத்தில் ஒரே ஒரு டிச் பட்டனோடு 2 செ.மீ. அகலப் பட்டி சேர்த்தால், கிண்டி சிக்னலில் நிற்கும்போது ஜிப்பை மூன்று இஞ்ச் திறந்துவிட்டுப் பட்டியை மட்டும் பூட்டி வைக்கலாம். காற்று உள்ளே போகும், கையும் மேலே ஏறாது. ஊசிநூல் சொன்ன தாங்கல் துண்டை மட்டும் மறக்க வேண்டாம்.

லைனிங் முனை வரை வரவே கூடாது. கஃப் ஓரத்திலிருந்து உள்ளே 4 செ.மீ. வரை தோலே திரும்பி வர வேண்டும், லைனிங் அங்கேதான் தொடங்க வேண்டும். லைனிங் கை, தோல் கையைவிட 1.5 செ.மீ. நீளமாக இருக்கட்டும். சரி அளவாக வெட்டினால் கையை நீட்டும்போதெல்லாம் கஃப்பை உள்ளே இழுத்து, கடைசியில் அந்தத் தையலிலேயே கிழியும்.

ஓர மடிப்புக்குத் தோலை இழைத்துக் கனம் குறைப்பார்கள். உள்ளே போகும் 10, 12 மி.மீ. பகுதியைப் பாதிக் கனத்துக்கு இழைக்கலாம். மடியும் கோட்டை இழைக்கக் கூடாது. மேஜையிலும் ஹாண்டிலிலும் உரசும் இடம் அந்தக் கோடுதான். அங்கே 0.5 மி.மீ. ஆக்கிவிட்டால் முதலில் பெயின்ட் போகும், அடுத்து ஓட்டை.

ஊசிநூல்:

பித்தளை ஜிப் அழகு, ஆனால் தோலில் ஏற்றியிருக்கும் எண்ணெயும் வியர்வையும் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். கடலோரக் காற்றில் இன்னும் சீக்கிரம். கஃப்புக்கு வார்ப்பு பிளாஸ்டிக் பல் போதும். பித்தளைதான் வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை உலர்ந்த டூத் பிரஷால் துடைத்து, பல்லில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஜிப்புக்கு நல்லதென்று யாரோ சொல்லிக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது தோலுக்கு ஊறிக் கறுக்கும், தூசி பிடிக்கும், பூஞ்சைக்கும் விருந்து.

ஓட்டி முடித்து வந்ததும் கஃப் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, ஜிப்பைத் திறந்து ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் தொங்க விடுங்கள். வெயிலில் வேண்டாம். பிளாஸ்டிக் கவர் போட்டு வைக்கவும் வேண்டாம்.

வேளச்சேரி_ரைடர்:

கடைசி ஒன்று. கஃப் உள் மடிப்புக்கு மட்டும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட நாட்டுத் தோல் வைக்கலாம், வியர்வையை நன்றாக உறிஞ்சும் என்கிறார்கள். சரியா?

ஊசிநூல்:

உறிஞ்சும், உண்மை. ஆனால் பட்டை போட்ட தோலில் இரும்பு பட்டு ஈரம் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும், அந்தக் கறை லேசில் போகாது. அதை வைப்பதானால் டிச் பட்டனின் எல்லாப் பாகமும் பித்தளையா என்று வாங்கும்போதே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். சவுகார்பேட்டையில் நிக்கல் பூச்சுப் போட்ட இரும்பும் பித்தளையும் ஒரே டப்பாவில் ஒரே மாதிரி மின்னும். படக்கென ஒட்டினால் அந்த டப்பாவை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

வேளச்சேரி_ரைடர்:

காந்தம் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கு, எடுத்துட்டுப் போறேன். கிளவுஸும்.