லிப்பிடீமா (கால்களில் வலியோடு கொழுப்பு சேரும் நோய்): தொடைக் கொழுப்பின் பயாப்சி அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண் (செவ்வாய்ப்பேட்டை, சேலம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. வெள்ளிக் கொலுசு செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், என் காலில் ஏதோ சரியில்லை என்பதைக் கொலுசுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. திருமணத்துக்கு அப்பா செய்து போட்ட பத்தரை அங்குலக் கொலுசு இன்றும் கணுக்காலில் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அதற்கு இரண்டு விரற்கடை மேலிருந்து சதை மடிந்து, கொலுசின் மீது சாய்ந்து நிற்கிறது. பாதம் மட்டும் பழையபடி மெலிந்தே இருக்கிறது.

பூப்பெய்திய காலத்திலேயே தொடை சற்றுப் பருமன்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அது இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி கூடிவிட்டது. யானைக்காலாக இருக்குமோ என்று மாமியார் பயந்ததால் இரவில் ரத்தம் எடுத்தும் பார்த்தோம்; ஒன்றுமில்லை. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்ன மருத்துவரின் பேச்சைக் கேட்டு 11 கிலோ இறக்கினேன். முகமும் இடுப்பும் வற்றின, தொடை வற்றவில்லை. மேசை முனை லேசாக இடித்தாலும் தொடையில் ஊதா நிறத்தில் கன்றிப்போகிறது. குழந்தை மடியில் ஏறினால் வலிக்கிறது.

சென்ற மாதம் தொடையில் பட்டாணி அளவில் வலித்த ஒரு கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து அகற்றினார்கள். கொழுப்புச் செல்கள் பெரிதாகியுள்ளன, சிலவற்றைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கும் வெள்ளணுக்கள்) மகுடம் போல் சூழ்ந்துள்ளன, தந்துகிகள் (நுண்ணிய ரத்தக் குழாய்கள்) எண்ணிக்கையில் மிகுந்தும் விரிந்தும் உள்ளன, கொழுப்புக் கதுப்புகளுக்கு இடையில் நார்த்திசு தடித்துள்ளது, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்று அறிக்கை சொல்கிறது. லிப்பிடீமாவாக இருக்கக்கூடும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்கள். புற்று இல்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பயம் போய்விட்டது, வலி போகவில்லை. அந்தச் சதைக்குள் என்னதான் நடக்கிறது? வலிக்கும் கன்றலுக்கும் இந்த வரிகளுக்கும் தொடர்பு உண்டா? இந்த அறிக்கையே நோய்க்குச் சான்றாகுமா?

நுண்ணோக்கி மேசை (ஏற்காடு) எழுதுகிறார்:

சகோதரி, நான் நோய்க்கூற்றியல் (பேத்தாலஜி) துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்: சான்றாகாது. லிப்பிடீமாவை மருத்துவர் கண்ணாலும் கையாலும், நோயாளி சொல்லும் வரலாற்றாலும்தான் உறுதிசெய்கிறார். இருபுறமும் ஒத்த பருமன், தப்பிய பாதம், தொட்டால் வலி, எளிதில் கன்றுதல், பூப்பு அல்லது மகப்பேற்றை ஒட்டிய தொடக்கம் ஆகிய அனைத்தும் நீங்கள் எழுதியதிலேயே இருக்கின்றன. 1940இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலனும் ஹைன்ஸும் இந்நோய்க்குப் பெயர் வைத்தபோதும், 1951இல் 119 பேரின் விவரங்களை அங்கிருந்து தொகுத்து வெளியிட்டபோதும் வர்ணித்தது ஏறத்தாழ இந்தக் காலைத்தான். உங்கள் கொலுசு அவர்களுக்குக் கிடைத்திருந்தால் வர்ணனை இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

இனி உள்ளே நடப்பது. திசுவை வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லைத் தயாரிக்கும்போது சாராயமும் சைலீன் என்ற கரைப்பானும் கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடுவதால், நுண்ணோக்கியில் கொழுப்புச் செல்கள் வெற்று அறைகளாகவும் திசு முழுவதும் மீன்வலை விரித்தது போலவும் தெரியும். அந்த வலையின் கண்கள் வழக்கத்தைவிடப் பெரியவை என்பதே உங்கள் அறிக்கையின் முதல் வரி. கொழுப்புச் செல் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுக்கு வளர்ந்துவிட்டால், தந்துகியிலிருந்து கசிந்து வரும் பிராணவாயு அதன் மறுபுறம் வரை போதிய அளவில் எட்டுவது கடினமாகிறது. மூச்சுத் திணறும் திசு, புதிய ரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் புரதங்களைச் சுரக்கிறது. தந்துகிகள் மிகுந்திருப்பதற்கு இதை ஒரு காரணமாகக் கருதுகிறார்கள்.

அவசரத்தில் கட்டிய சுவர் ஒழுகுவது போல, இப்படி முளைக்கும் குழாய்களின் சுவரும் உறுதியாக இருப்பதில்லை. லேசான அடிக்கே உடைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிவதுதான் உங்கள் தொடையின் ஊதாக் கன்றல். உடையாத குழாய்களும் நீரையும் புரதத்தையும் செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் கசியவிடுகின்றன. அங்குள்ள மூலக்கூறுகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சதை கனக்கிறது. 2018இல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வு, லிப்பிடீமா உள்ள பெண்களின் கால் தோலிலும் அதன் கீழுள்ள கொழுப்பிலும் சோடியம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. கசிந்ததைத் திரும்ப எடுத்துச் செல்வது நிணநீர் நாளங்களின் வேலை. தொடக்கத்தில் அவை ஓரளவு ஈடுகொடுத்துவிடும். பல ஆண்டுச் சுமையில் சில பெண்களுக்கு அவையும் தளர்ந்து, நிணநீர் வீக்கம் கூடுதலாகச் சேர்ந்துகொள்வதுண்டு.

மகுடம் என்பது அழகான பெயர், காட்சி அத்தனை அழகானதல்ல. செத்துப்போன கொழுப்புச் செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் வட்டமாக அமர்ந்து அதை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் லிப்பிடீமா திசுவில் இத்தகைய சாவையும், அதே இடத்தில் புதிய கொழுப்புச் செல்களுக்கான மூலச்செல்கள் பெருகுவதையும் ஒருங்கே கண்டார்கள். இடிப்பதும் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோஃபேஜ்கள் சுரப்பவை அழற்சியைத் தூண்டி, நரம்பு முனைகளை உறுத்துவது வலிக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. நாளடைவில் கதுப்புகளுக்கு இடையிலான நார்த்திசு தடித்து, கைக்கு மணல் போலவும் பட்டாணி போலவும் தட்டுப்படுகிறது.

மகுடமும் செல் பெருக்கமும் சாதாரண உடல் பருமனிலும் காணப்படுபவை. அதனால்தான் சான்றாகாது என்றேன். ஆனால் 2019இல் வெளிவந்த தொடைத் திசு ஆய்வு ஒன்று, பருமன் இல்லாத லிப்பிடீமா பெண்களிடமும் பெரிதான செல்களையும் மிகுந்த மேக்ரோஃபேஜ்களையும் விரிந்த தந்துகிகளையும் கண்டது. ஆகவே இவை அனைத்தும் அதிகம் சாப்பிட்டதால் வந்தவை என்று எவராவது உங்களிடம் சொன்னால், அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

ஓர் ஐயத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். வலிக்கும் சிறு கட்டியில் தந்துகிகள் மிகுந்திருந்தால் ஆஞ்சியோலிப்போமா என்ற தீங்கற்ற கட்டியையும் நினைக்க வேண்டும். அதற்குத் தெளிவான உறை இருக்கும், தந்துகிகளுக்குள் நுண்ணிய ரத்த உறைவுகள் தெரியும். ஆய்வகத்திடம் கண்ணாடிச் சில்லையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, இன்னொரு நோய்க்கூற்றியலாளரிடம் காட்டுவது நல்லது.

காபித் தோட்டத்து மருமகள் எழுதுகிறார்:

என் மாமியாருக்கும் இதே கால்தான். காபி பறிக்கும்போது கூடை இடித்த இடமெல்லாம் கன்றிப்போயிருக்கும். முரட்டுக் கூடை என்றுதான் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தோம். வீக்கம் குறைய நீர் மாத்திரை கொடுத்தார்கள், வேப்பெண்ணெய் போட்டு அழுத்தி உருவியும் விட்டோம். இரண்டும் சரியா?

இயன்முறை மருத்துவர் (அஸ்தம்பட்டி) எழுதுகிறார்:

அம்மா, இரண்டும் சரியில்லை. லிப்பிடீமாவில் பருமனுக்கு முதற்காரணம் கொழுப்புத் திசு என்பதால் நீர் மாத்திரை அதைக் குறைக்காது. இதயத்துக்காகவோ ரத்த அழுத்தத்துக்காகவோ தரப்பட்டிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அழுத்தி உருவுவதை இன்றே நிறுத்துங்கள். மேலே ஐயா விளக்கிய பலவீனமான தந்துகிகளை நாமே உடைப்பதற்கு அது சமம். நிணநீரை நகர்த்தும் கைமுறைச் சிகிச்சை, மயிலிறகால் வருடுவது போல மென்மையாக இருக்கும்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: அழுத்தக் காலுறை கொழுப்பைக் கரைக்காது, ஆனால் கனத்தையும் வலியையும் பலருக்குக் குறைக்கிறது. தமனி ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகே அதை வாங்குங்கள். சேலத்து வெயிலில் நாள் முழுவதும் அணிவது எளிதல்ல என்பதை அறிவேன். காலையில் எழுந்தவுடன் போட்டு, வேலை முடிந்ததும் கழற்றுவதிலிருந்து தொடங்கலாம். நீருக்குள் நடப்பதும் நீந்துவதும் மூட்டுக்குச் சுமையில்லாத நல்ல பயிற்சிகள். 11 கிலோ இறக்கியது வீணல்ல, முழங்காலுக்கு அது பெரிய உதவி. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை இவற்றுக்கெல்லாம் பிறகு, நிணநீர் நாளங்களைக் காப்பாற்றிச் செய்யத் தெரிந்தவரிடம் பேச வேண்டியது.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதியில், மேல்புறத் தோலைக் கிள்ளித் தூக்குங்கள். தூக்க வராவிட்டால் நிணநீர் வீக்கமும் இருக்கலாம்.

கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண் மீண்டும் எழுதுகிறார்:

தோலைக் கிள்ளித் தூக்க முடிகிறது, இரண்டு காலிலும். அப்பா கொலுசுக்கு அளவெடுக்கும் நூலை வாங்கி அளந்தும் பார்த்தேன். கணுக்கால் இரண்டும் 9 அங்குலம். நான்கு விரற்கடை மேலே இடது 12½, வலது 12¾. நூலில் முடிச்சுப் போட்டு, தேதி எழுதிய தாளோடு சுற்றி வைத்திருக்கிறேன். ஐயா குறிப்பிட்ட உறை, ரத்த உறைவு ஆகிய இரண்டைப் பற்றியும் அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.