மறு: 'ரெசிடுவல் குளோரின்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர்,

நீச்சல் குளப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். போட்ட குளோரினில் செலவானது போக நீரில் தொடர்ந்து நிற்கும் அளவுதான் 'ரெசிடுவல் குளோரின்'. இந்த இழையில் வந்த எச்சக் குளோரின், மீதிக் குளோரின், எஞ்சிய குளோரின் மூன்றும் எனக்கு உறுத்துகின்றன. எச்சம் என்றதும் காக்கை எச்சம்தான் நினைவுக்கு வருகிறது. குளிக்கும் நீருக்கு அந்தச் சொல் வேண்டாம். மற்ற இரண்டிலும் பொருளே பிசகுகிறது. வேலை முடிந்தபின் தேவையின்றிக் கிடப்பதுதான் மீதி. இதையோ நீரில் நிற்கவேண்டும் என்றே அளந்து போடுகிறோம்.

நீச்சல் குளத்தில் ஏன் குளோரின் என்ற கேள்விக்கே இதில்தான் விடை இருக்கிறது. ஓசோனும் புறஊதாக் கதிரும் கருவிக்குள் ஓடும் நீரை நன்றாகவே சுத்தம் செய்யும். ஆனால் அந்த நீர் குளத்துக்குத் திரும்பியபின், புதிதாக இறங்குபவர் உடம்போடு வரும் கிருமியை அங்கே யார் தடுப்பது? குளோரின் நீரோடு வினைபுரிந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிக் குளத்திலேயே நிற்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தாலே, வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளில் ஈ.கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஜியார்டியாவுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். கிரிப்டோஸ்போரிடியம் மட்டும் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்று கையேடு மூன்று இடத்தில் சொல்வது அதனால்தான்.

ஆகவே என் பரிந்துரை: காவல் குளோரின்.

குளத்தில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் மதிய வெயிலில் சோதித்துவிட்டு, "குளோரின் நிக்கலண்ணே" என்றான். அந்த 'நிற்பது'தான் எனக்கு வழிகாட்டியது. காவலுக்குத்தானே ஆள் நிற்பது? சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் வருகிறது: ஊர்க் காவலுக்கும் அதற்கான வரிக்கும் அதுதான் பெயர். பிற்காலத்தில் தென்மாவட்டக் காவல்காரருக்கு ஊரார் விளைச்சலில் பங்கு கொடுத்தார்கள். களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். சென்னை மாகாணத்தில் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சம்பளப் போலீஸ் வந்தது. ஆனாலும் சொல் சாகவில்லை, இன்று 'காவல்துறை' என்றே எழுதுகிறோம். இவ்வளவு காலம் புழங்கிய சொல்லைக் குளத்து வேலையாளுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்காது.

"காவல் என்றால் சிறைக்காவல் என்றும் பொருள்படுமே, குளோரினை யாரோ பிடித்துவைத்ததுபோல் ஆகாதா?" என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். காவல் தெய்வம், காவல் நாய் என்னும்போது யாரும் அப்படி நினைப்பதில்லை. பெயருக்கு முன்னால் ஒட்டி வரும்போது காப்பது என்ற பொருளே முந்துகிறது.

'ஃபிரீ' (எதனோடும் சேராமல் நிற்கும் குளோரின்), 'கம்பைண்ட்' (அழுக்கோடு சேர்ந்துவிட்ட குளோரின்) இரண்டும்தான் கடினம். ஓர் அறிவுறுத்தல் தாளில் 'இலவசக் குளோரின்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து மனம் நொந்தேன். வேலையாள் அதைப் படித்து என்ன புரிந்துகொள்வார்? 'கட்டற்ற' என்பது மென்பொருளுக்குப் பொருந்துகிறது. இங்கே அளவுமீறிய குளோரின் என்று படும். பிணையாக் குளோரின், பிணைந்த குளோரின் என்று வைக்கலாம் என்கிறேன். சோதனைக் குழாயில், குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரையில் ஒன்றாம் எண்ணைப் போட்டதும் நீர் இளஞ்சிவப்பாகும். அது பிணையாததன் அளவு. அதிலேயே மூன்றாம் எண் மாத்திரையைக் கரைத்தபின் சிவப்பு ஏறினால், ஏறிய அளவு பிணைந்தது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமீனாகிவிட்ட பங்கு. கண் எரிவதும், 'குளோரின் நெடி' என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இதனால்தான். நெடி அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போதுதான் பிணையாக் குளோரின் போதாமல் இருக்கக்கூடும்.

காவல் குளோரின் என்பதைப் பிணையாததற்கு மட்டும் வைக்கலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் சில ஊர்களின் குடிநீர்க் குழாயில் மோனோகுளோரமீன் என்ற பிணைந்த வகையையே வேண்டுமென்று நிறுத்துகிறார்கள். அங்கே காப்பது பிணைந்ததுதான். எனவே காவல் பொதுப்பெயராகவே இருக்கட்டும்.

ஈழத்து நண்பர்கள் 'குளோரீன்' என்று எழுதுவதை மாற்றவேண்டியதில்லை, இரண்டும் இருக்கட்டும். இன்னொரு சொல்லுக்குத்தான் உங்கள் உதவி வேண்டும். குளோரினைக் கூட்டிக்கொண்டே போனால் பிணைந்தது சிதைந்து தீர்ந்து, அதன்பின் போடுவதெல்லாம் பிணையாமல் நிற்கத் தொடங்கும் 'பிரேக்பாயின்ட்'. முறிவுப்புள்ளி என்றால் எது முறிகிறது என்பது தெரியவில்லை. 'தீர்நிலை' என்று குறித்து வைத்திருக்கிறேன். பொருந்துகிறதா?