ஒரே ஒரு பொருளைப் பார்த்துப் பழைய கேமைக் கண்டுபிடித்த அனுபவம் உண்டா?

உடைந்த ஜாய்ஸ்டிக்:

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் ஒரு வினாடி வினா. பழைய வீடியோ கேமிலிருந்து ஒரே ஒரு பொருளைத் திரையில் காட்டுவார்கள், நாம் கேமின் பெயரைச் சொல்ல வேண்டும். கேள்விக்குறி போட்ட மஞ்சள் பெட்டி வந்ததும் ஹாலே "மாரியோ" என்று கத்தியது. தங்க வளையம் வந்தது, சோனிக். அப்புறம் ஒரு படம் போட்டார்கள். கறுப்புத் திரை. அடியில் நடுவே ஒரு கழுகு. அதைச் சுற்றிச் செங்கல் சுவர். எங்கள் டீமில் எல்லாருமே 2000க்கு அப்புறம் பிறந்த பிள்ளைகள், முழித்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "டேங்க்!"

தப்பு என்றார் கேள்வி கேட்டவர். விடை 'பேட்டில் சிட்டி'யாம், நாம்கோ 1985இல் வெளியிட்டதாம்.

நாலு கோடை லீவு முழுக்க விருதுநகரில் மாமா வீட்டில் இதைத்தான் ஆடினோம். மஞ்சள் டேங்க் எனக்கு, பச்சை டேங்க் மாமா பையனுக்கு. சிவப்பாக மினுக்கிக்கொண்டு வரும் எதிரி டேங்கைச் சுட்டால் திரையில் எங்காவது ஒரு பொருள் விழும். மண்வெட்டி விழுந்தால் "மாப்ள, மண்வெட்டி, மண்வெட்டி" என்று அலறிக்கொண்டு ஓடுவோம். அதை எடுத்தால் கழுகைச் சுற்றியுள்ள செங்கல் கொஞ்ச நேரத்துக்கு இரும்பாகிவிடும். கடிகாரம் எடுத்தால் எதிரி எல்லாம் அப்படியே நிற்கும். கூட்டாளியைச் சுட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் உறைந்து போவான். ஆனால் நம் குண்டே கழுகின் மேல் பட்டுவிட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. மாமா பையன் கோபம் வந்தால் வேண்டுமென்றே கழுகைச் சுட்டுவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். இவ்வளவும் எனக்குத் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. கேசட் ஸ்டிக்கரில் ஏதோ ஹெலிகாப்டர் படமும் '9999999 இன் 1' என்ற பச்சைப் பொய்யும் இருந்தன. மெனுவில் டேங்க் என்றுதான் போட்டிருந்தது. அப்புறம் நான் என்ன சொல்வேன்?

அந்த ஒரு மார்க் இன்னும் உறுத்துகிறது. இதேபோல் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு உதவி. எங்கள் வீட்டில் இருபது வருஷமாக ஒரு சண்டை. ஓலைப் பாவாடை கட்டின ஒரு ஆள் காட்டுக்குள் ஓடிக்கொண்டே இருப்பான், வழியெல்லாம் பழம் தின்பான். ஊதா நிறத்தில் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால் அவன் உயிர் மளமளவென்று குறையும். அது கத்தரிக்காய் என்கிறாள் என் அக்கா. கத்தரிக்காய் எவனையாவது கொல்லுமா, அது ஏதோ விஷ நாவல்பழம் என்கிறேன் நான். இது என்ன கேம்?

லேப் அக்கா:

நான் 1998இலிருந்து ஆறு வருஷம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டிய ஏசி ரூம். உள்ளே வந்ததும் பசங்கள் முதலில் தேடுவது டேஞ்சரஸ் டேவைத்தான். நான் அழித்துக்கொண்டே இருப்பேன், மறுநாள் 'மேத்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் அது உயிரோடு இருக்கும்.

மூன்று வருஷம் முன்னால் அதே பள்ளியின் விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் ஒரு பையன் கையில் பெரிய கோப்பையைக் கொடுக்கிறார். எனக்குப் பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்: "கோ த்ரூ த டோர்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டேவில் கோப்பையை எடுத்தவுடன் திரையின் அடியில் வரும் வரி அதுதான். எடுக்காமல் கதவருகே எத்தனை முறை போய் முட்டினாலும் திறக்காது. திரும்பிப் பார்த்தால் 'மேத்ஸ்' ஃபோல்டர்க்காரனே உட்கார்ந்திருக்கிறான், மடியில் ஒரு பிள்ளையோடு. "மேடம், இன்னும் அழிக்கிறீங்களா?" என்றான்.

அதை எழுதிய ஜான் ரொமேரோதான் பிற்பாடு டூம் என்ற பிரபலத் துப்பாக்கிச் சண்டை கேமைச் செய்த குழுவில் இருந்தவர் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1988இல் வந்த இந்தச் சின்ன கேமில் தொப்பி போட்ட ஒரு ஆள் நீலக்கல்லைப் பொறுக்கிக்கொண்டு திரிவான். அதற்கும் 1993இல் வந்த டூமுக்கும் ஐந்தே வருஷம்தான் இடைவெளி.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை மட்டும் நான் அழிக்கவில்லை. பசங்கள் போன பிறகு நானே ஆடுவேன். அதற்குப் பொருளே வேண்டாம், அவன் ஓடி வந்து விளிம்பில் சறுக்கி நிற்பதைப் பார்த்தாலே போதும். ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்துப் படம்பிடித்து, ஒவ்வொரு அசைவாக வரைந்தெடுத்தது அது. 60 நிமிஷத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். ஒரு நாளும் மீட்கவில்லை. பெல் அடித்துவிடும்.

3310 சார்ஜர்:

எனக்குப் பாம்பு ஒன்றுதான். நோக்கியா 6110இல் 1997இல் வந்ததை நான் பார்த்ததில்லை, 3310இல் இருந்த இரண்டாவது பாம்புதான் தெரியும். அதில் சில நொடி மட்டும் தலைகாட்டிவிட்டு மறையும் ஒரு பூச்சி உண்டே, அதைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வரைந்து காட்டினால் என் ஹாஸ்டல் ரூம்மேட் இன்றைக்கும் போனை எடுத்துப் பேசுவான். வேறொன்றும் சொல்ல இல்லை.

சின்னவன்:

கோயம்புத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் டிஷர்ட் முதுகில் வெறும் அம்புக்குறிகள். மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது. கடைசியில் பி, ஏ. நான் என்னையறியாமல் "முப்பது உயிர்" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி, "அருவியில யார் யாரை விட்டுட்டுப் போனது?" என்றார்.

கான்ட்ரா ஆரம்பிக்கும்போது அந்த வரிசையில் பட்டனை அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். ஆடியவர்களுக்கு அவர் கேள்வியும் புரியும். மூன்றாவது கட்டம் அருவி. மேலே ஏற ஏறத் திரையும் மேலே போகும், கீழே தங்கினவன் செத்தான். என் அண்ணன் என்னை அங்கே கொன்றதுபோல எதிரிகள்கூடக் கொன்றதில்லை. "ஏறுடா, ஏறுடா" என்பான், நான் குதிப்பதற்குள் அவன் ஒரு படி மேலே. என் உயிர் தீர்ந்ததும் பெரிய மனசு பண்ணி, "சரி, வேடிக்கை பாரு" என்பான்.

பொருள் என்று சொன்னால் இறக்கை போட்ட அந்த எழுத்துகள்தான், எடுத்தால் துப்பாக்கி மாறும். எம், எஃப், எல், எஸ். இதில் எஸ் வந்தால் வீட்டில் ரத்தம் பார்க்காமல் அடங்காது. ஒரே சமயத்தில் ஐந்து குண்டு விசிறி மாதிரி விரியும். தப்பித்தவறி எஃப் மேல் கால் பட்டுவிட்டால் கையிலிருந்த எஸ் போச்சு. எஃப் குண்டு சுருண்டு சுருண்டு போய்ச் சேருவதற்குள் நம்மைச் சுட்டுவிடுவான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் வாத்தியார் கரும்பலகையில் பெரிதாக எஃப் என்று எழுதிவிட்டு விசையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். கடைசி பெஞ்சில் மூன்று பேர் "ஐயோ" என்றோம்.

அப்புறம் அவரும் நானும் சிங்காநல்லூர் வரை பேசிக்கொண்டே போனோம். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

பழைய கேசட்:

சின்னவன் தம்பி, அந்த அம்புக்குறி கான்ட்ராவில் பிறந்ததில்லை. 1986இல் கிரேடியஸ் என்ற ஆர்கேட் கேமை வீட்டு மெஷினுக்கு மாற்றும் வேலை கொனாமியில் கசுஹிசா ஹஷிமோட்டோவிடம் இருந்தது. ஆடிப் பார்த்துச் சோதிக்க அவருக்கே அது ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம். அதனால் எல்லா ஆயுதமும் மொத்தமாகக் கிடைக்கத் தன் வசதிக்காகப் போட்டுக்கொண்டதுதான் அது. கான்ட்ராவுக்கு அப்புறம்தான் வந்தது, அங்கே முப்பது உயிர். 2020இல் ஹஷிமோட்டோ காலமானார். அன்றைக்கு நான் வாட்ஸப் ஸ்டேட்டஸில் அந்த அம்புகளை மட்டும் போட்டேன். என் சித்தப்பா கூப்பிட்டு, வீட்டுக்கு வழியா போட்டிருக்கிறாய் என்று கேட்டார்.

ஒசாகாவில் ஒருத்தி:

நான் ஆடியதைவிட என் அம்மா கேட்டதுதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. சொல்கிறேன்.

ஊர் தஞ்சாவூர் பக்கம். அப்பா வாங்கிவந்த டிவி கேமுக்கு ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இதைச் சொருக வேண்டும். "பிக்சர் டியூப் போயிடும்டி" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவார். டிவி பக்கம் வந்து ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் இங்கே வந்திருந்தார். யுனிவர்சல் ஸ்டூடியோவில் 2021இல் திறந்த, மாரியோ கம்பெனியான நின்டெண்டோவின் பகுதிக்குக் கூட்டிப் போனேன். உள்ளே போகும் வழியே ஒரு பெரிய பச்சைக் குழாய். வாசலில் அம்மா நின்றுவிட்டார். "ஏய், இது நீ உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே போவியே, அந்தக் குழாய்தானே?" எனக்குப் பேச்சே வரவில்லை. குனிந்தால் குழாய்க்குள் இறங்கலாம் என்பது மாரியோ ஆடிய பாதிப் பேருக்கே தெரியாது, வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்த என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

உள்ளே கேள்விக்குறிப் பெட்டிகள் உயரத்தில் இருக்கும், கையால் ஓங்கி அடிக்கலாம். ஒரு பையன் அடித்தான். காசுச் சத்தம் வந்தது. அம்மா சட்டென்று என் தோளில் ஒன்று வைத்தார். "இந்தச் சத்தத்துக்கு உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!" அப்புறம் அவரும் வரிசையில் நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடித்தார். ஏழு முறை. நான் எண்ணினேன்.

அவரிடம் ஒன்றைக் காட்டினேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். முழு கேமுமே 40 கிலோபைட்தான், அதைச் செய்த மியாமோட்டோ குழு எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டியிருந்தது. போனில் பெரிதாக்கிக் காட்டியதும் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரே மாவுல இட்லியும் தோசையும்" என்றார்.

கறாரானவன்:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் ஒன்று கேட்கிறேன். வாய் திறந்த மஞ்சள் வட்டத்தைக் காட்டினால் பேக்-மேன் என்று யாரும் சொல்வார்கள். அதை உண்மையில் ஆடியவர் இங்கே எத்தனை பேர்? டிஷர்ட்டில் பார்த்துத் தெரிந்ததெல்லாம் கணக்கில் வராது. 1980இல் நாம்கோவில் தோரு இவாடானி செய்தது, ஒரு துண்டு எடுத்த பீட்சாவைப் பார்த்து உருவம் தோன்றியது என்ற கதையும் எல்லாருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் வினாடி வினாவில் செர்ரியைக் காட்டுவதே வீண். அது முதல் கட்டத்திலேயே வரும், வெறும் 100 புள்ளி. சாவியைக் காட்ட வேண்டும். பதின்மூன்றாவது கட்டத்துக்குப் போனவனுக்குத்தான் சாவி தெரியும், 5000 புள்ளி.

நான் அதுவரை போயிருக்கிறேனா என்று கேட்காதீர்கள். ஐந்தாம் கட்டத்து ஆப்பிளோடு சரி.

வாத்து மாமா:

புல்லுக்குள்ளிருந்து எழுந்து கையால் வாயைப் பொத்திச் சிரிக்கும் நாய். வேறு அடையாளமே தேவையில்லை. டக் ஹன்ட்.

ரெண்டு வருஷம் முன்னால் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் துப்பாக்கியோடு ஒரு செட் கிடைத்தது. 900 ரூபாய். பேரனுக்குக் காட்டலாம் என்று புது எல்இடி டிவியில் மாட்டினேன். ஒரு வாத்தும் விழவில்லை. நாய் சிரிக்கிறது, பேரனும் சிரிக்கிறான். கடைக்காரனைக் காய்ச்சி எடுத்துவிட்டு வந்தேன். பாவம், அவன் மேல் தப்பில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால்தான் குண்டு பட்டதாகக் கணக்கு. பழைய பிக்சர் டியூப் டிவிக்கென்று செய்தது அது. புது டிவி படத்தைக் காட்டக் கொஞ்சம் தாமதிக்கிறது, அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது.

சின்ன வயதில் டியூப்லைட்டைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றப் பார்த்தோம், நடக்கவில்லை. முதலில் கறுப்பு வருகிறதா என்று அது பார்க்கும் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

மறுநாள் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவனிடமே ஒரு பழைய டிவியும் வாங்கினேன்.

பழைய கேசட்:

ஜாய்ஸ்டிக் அண்ணா, உங்கள் ஓலைப் பாவாடை ஆள் அட்வெஞ்சர் ஐலண்டு. ஹட்சன் சாஃப்ட், 1986. கல் கோடாரி, ஸ்கேட்டிங் பலகை, சும்மா நின்றாலும் உயிர் குறைந்துகொண்டே போவதால் பழம் தின்றபடியே ஓட வேண்டும். முட்டையை உடைக்கும்போது சிலதில் அந்த ஊதா வரும். அது கத்தரிக்காய்தான். சந்தேகமே இல்லை.

உடைந்த ஜாய்ஸ்டிக்:

தேடிப் பார்த்தேன். காம்பும் இருக்கிறது. தலையில் பச்சைத் தொப்பியும் இருக்கிறது. வீடியோவை அக்காவுக்கு அனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டேன். இருபது நிமிஷம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"நாவல்பழத்துக்கு ஏதுடா காம்பு? வர ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. எண்ணெய்க் கத்தரிக்காய்தான் உனக்கு."